வாங்க, போங்க

எங்கள் வீட்டில் மரியாதை வந்துவிட்டால் சண்டை வந்துவிட்டது என்று அர்த்தம். சாதாரண நாளில் நான் என் தங்கையை ‘டி’ போட்டுத்தான் பேசுவேன், அவள் என்னை ‘நீ’ என்பாள். கோபம் வந்ததோ, இரண்டு பேர் வாயிலும் ‘ங்க’ முளைத்துவிடும். ‘சாப்டீங்களா?’ என்று அவள் கேட்டால் அன்றைக்கு நான் பட்டினியே கிடக்கலாம், அவ்வளவு விஷம் இருக்கும் அதில். அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான். அம்மாவோடு சண்டை என்றால் அப்பா ‘தாங்கள் தண்ணீர் தர முடியுமா’ என்று கேட்பார். அம்மா ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். வெளியாள் கேட்டால் என்ன பண்பான குடும்பம் என்று நினைத்துக்கொள்வான்.

இந்த வழக்கம் வெளியாள் ஒருவனுக்குத் தெரிந்துபோனது. அவன் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

நான் சாவிக் கடைக்காரி. கணவர் வைத்திருந்த கடை. அவர் போன பிறகு மூடிவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நீங்கள் எல்லோரும் சாவியைத் தொலைப்பதை நிறுத்துங்கள், அன்றைக்கு மூடுகிறேன் என்றேன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பெட்டி போல ஓர் இடம், சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், உட்கார ஒரு ஸ்டூல். தெருவில் எனக்கு ‘வெடி’ என்று பட்டப்பெயர். அது எனக்குத் தெரியாது என்று தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது.

தங்கை வேறு ரகம். நூலகத்தில் இருபத்தொன்பது வருடம் புத்தகத்துக்குத் தேதி முத்திரை குத்தியவள். போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தள்ளி, இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் அப்படியே வங்கியில் இருந்தது, பாதி கணக்கில், பாதி டெபாசிட்டில். அதுதான் அவளுக்குச் சோறு, மருந்து, எல்லாம். வீட்டுக் கதவுக்கு நானேதான் பூட்டுப் போட்டேன். உள்ளே மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ், நான்கு அங்குலத் திருகாணி. திருடன் வந்தால் வேலை முடிவதற்குள் அவனுக்கே வயதாகிவிடும் என்று பெருமையடித்தேன். திருடன் கதவு வழியாகத்தான் வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனது நல்லெண்ணத்தில்தான். முந்தின நாள் பீரோ சாவி வெட்ட வந்த ஒரு நர்ஸ், தன் மாமியாரை யாரோ போனிலேயே பேசிப் பேசி மொட்டையடித்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தங்கை நினைப்புதான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே. லிங்க் வந்தால் தொடாதே. பரிசு விழுந்தது என்றால் போனை வை. போன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

“இதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா. நூலகத்துலயே ஒருத்தர் வந்து கிளாஸ் எடுத்தாரு.”

“கிளாஸ் எடுத்தா ஆச்சா? ஒரு காகிதத்துல முத்திரையைக் குத்திக் காட்டினாப் போதும், நீ தலையை ஆட்டிடுவே.”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“நீ ஏமாறவே பொறந்தவடி. வேணா எழுதி வெச்சுக்கோ.”

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். தங்கை டீ குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பிப் பார்க்காமலே, “சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்” என்றாள். ‘ங்க’ வந்துவிட்டதா, நானும் “வரேங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவளுக்குக் கோபம் ஒரு நாள்தான் நிற்கும். மறுநாள் சாயங்காலத்துக்குள் “அக்கா, என்ன பண்றே?” என்று அவளே கூப்பிடுவாள். ஐம்பது வருடத்தில் அது தவறியதில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் வாயால் பின்னால்தான் கேட்டேன். ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கடையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

செல்போனில் ஓர் ஆண் குரல். அதட்டலே இல்லை. வங்கி மேலாளர் மாதிரி பதமாகப் பேசியிருக்கிறான். உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, அதில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் அடையாள அட்டையை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றான். இவள் நடுங்கிப்போய் நின்றபோது அவனே, “பயப்படாதீங்கம்மா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, ஓடிபியை யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நாங்களே கேட்டாலும் குடுக்காதீங்க. லிங்க் எதுவும் வந்தா தொடாதீங்க” என்றான். தங்கை நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். நான் எழுதி ஒட்டியதை அவன் வரிக்கு வரி ஒப்பிக்கிறான். அந்த இடத்தில் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் தங்கைக்கு என் கையெழுத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்புறம் வீடியோ. திரையில் காக்கிச் சட்டை, பின்னால் ஒரு கொடி, மேசை. ஒரு கடிதம் அனுப்பினான். கீழே நீலத்தில் வட்ட முத்திரை. நீங்கள் இப்போது வீட்டுக் காவலில் இருக்கிறீர்கள், விசாரணை முடிகிற வரை கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது, குளியலறைக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றான். போனில் கைது செய்யும் போலீஸ் எந்த ஊரிலும் கிடையாது. இதை என் காலண்டர் தாளில் நான் எழுதவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

உங்கள் சேமிப்பைச் சோதனைக்காக அரசாங்கக் கணக்குக்கு மாற்றுங்கள், சுத்தமான பணம் என்றால் மூன்று நாளில் திரும்பி வரும் என்று அன்று மதியத்துக்குள்ளேயே கேட்டுவிட்டான். தங்கை மறுத்திருக்கிறாள். “அக்காவைக் கேக்காம நான் எதுவும் பண்ணதில்லைங்க” என்றாளாம். அவன் கோபப்படவில்லை. அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டான். எங்கே இருக்கிறாள், என்ன வேலை, எப்படிப்பட்டவள், நீங்கள் இருவரும் எப்படிப் பேசிக்கொள்வீர்கள். கடைசியில், அந்தப் பார்சலில் உங்கள் அக்கா பெயரும் இருக்கிறது, அவருக்கு விஷயம் தெரிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்றான்.

இது எதுவும் தெரியாமல் நான் அன்று மதியம் தங்கைக்குப் போன் செய்தேன். நானாகக் கூப்பிடுவதெல்லாம் நடக்காத காரியம். ஆனால் ‘ஏமாறவே பொறந்தவ’ என்ற வார்த்தை எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. செல்போன் கிடைக்கவில்லை. வைஃபையோடு சேர்த்துக் கொடுத்த வீட்டுப் போனுக்கு அடித்தேன். எடுத்தாள்.

“என்னடி பண்றே? சாப்ட்டியா?”

“சாப்ட்டேங்க. நீங்க சாப்டீங்களா?”

“இன்னும் ஆறலையா உனக்கு?”

“அதெல்லாம் இல்லைங்க. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்குங்க. இந்த வாரம் நீங்க வர வேண்டாங்க. நானே சொல்றேங்க.”

ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ போதாதென்று எண்ணிப் போட்ட மாதிரி இருந்தது. குரலும் சரியில்லை, ஏதோ எழுதி வைத்துப் படிக்கிறவள் போல. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். நானே இறங்கி வந்தேன், என்னிடமே நெஞ்சழுத்தமா? “ரொம்ப நல்லதுங்க” என்று வைத்துவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எதிர்க்கடைப் பழக்காரரிடம் எத்தனை தடவை நானே சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தக் கோபத்தைக் கிளறிக்கொண்டே வேலை பார்த்தேன். வந்தவர்களிடமெல்லாம் என் தங்கையின் திமிரைப் பற்றிச் சொன்னேன். கையில் பணம் வந்தால் ஆளே மாறிவிடுகிறார்கள் என்றேன். பழக்காரர் ஆமாம் போட்டார். அவருக்கும் ஒரு தங்கை இருந்தாள்.

நாலு மணி தாண்டி ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர் சாவி ஒடிந்துவிட்டது என்று நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் வண்டியில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் இயந்திரத்தில் சாவியைப் பூட்டியிருந்தேன். போன் அடித்தது. தங்கையின் வீட்டு நம்பர்.

“அக்கா,” என்றாள். “அக்கா, ஒரு நிமிஷம்…”

குரல் இறங்கியிருந்தது. பார்த்தாயா, வந்தாயா வழிக்கு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். இரண்டு நாளாக நான் பட்டதற்கு அவளும் கொஞ்சம் படட்டும்.

“சொல்லுங்க மேடம். எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட உங்களுக்கு என்ன வேலை?”

“அக்கா, நீ கொஞ்சம்…”

“கடையில கூட்டமா இருக்குங்க. நீங்க ஃப்ரீயா இருக்கும்போது நானே வரேங்க. வர வேண்டாம்னு வேற சொல்லியிருக்கீங்களே.”

வைத்துவிட்டேன். மனசு குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். வேன் டிரைவரிடம் கொஞ்சம் குறைத்துக்கூட வாங்கினேன்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் தங்கையின் வீட்டுக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா கடைக்கு வந்தாள். பெட்டிச் சாவி தொலைந்துவிட்டதாம், பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். சாவியை நான் ராவிக்கொண்டிருந்தபோது அவள் இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

“கேக்கக் கூடாது, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. மேல உங்க தங்கச்சி வீட்ல யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா?”

“அவ வீட்டுக்கு யாரு வரப் போறா?”

“ஆம்பளைக் குரல் கேக்குதே. ரெண்டு நாளா. பாத்ரூம் ஜன்னல் வழியா நல்லாவே கேக்குது.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. “உங்க தங்கச்சி ரொம்பத்தான் மரியாதை குடுக்கறாங்க. சரிங்க, சரிங்கன்னு. தண்ணி குடிக்கக்கூட, ‘குடிச்சுக்கட்டுங்களா’ன்னு கேட்டுட்டுத்தான் குடிக்கறாங்க.”

என் கையிலிருந்த அரம் நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்க யாரிடம் கேட்பாள்? அவள் வீடு, அவள் குடம், அவள் டம்ளர். அந்த ‘ங்க’ எனக்கான கோபம் இல்லை, வேறு எவனுக்கோ பயந்த பயம் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தையல்காரம்மாவையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

இரண்டாவது மாடி. கதவில் காதை வைத்தேன். உள்ளே ஃபேன் சத்தம். அதற்கு மேலே ஓர் ஆண் குரல், நிதானமாக.

“பதினோரு மணிக்கு வங்கியிலேர்ந்து கூப்பிடுவாங்க. டெபாசிட்டை உடைக்கச் சொல்லிட்டீங்க இல்ல? ஏன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“மருத்துவச் செலவுங்க.”

“குரல் நடுங்கக் கூடாது. இன்னொரு தடவை சொல்லுங்க.”

“மருத்துவச் செலவுங்க.”

என் தங்கை பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் கதவை ஓங்கி அடித்தேன்.

“நான்தான்டி. திற.”

உள்ளே எல்லாம் நின்றுபோனது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. என்னிடம் சொல்லவில்லை. “சார், அக்கா வந்திருக்காங்க. என்னங்க பண்ணட்டும்?”

“திறக்காதீங்க. திறந்தா அவங்களையும் சேர்த்துத்தான் கூட்டிட்டுப் போகணும். உங்க இஷ்டம்.”

வெளிப்பூட்டுக்கு என்னிடம் சாவி இருக்கிறது. போட்டுத் திருகினேன். கதவு மயிரிழைகூட அசையவில்லை. மேலும் கீழும் தாழ். நான் அடித்த தாழ், நான் முடுக்கிய திருகாணி. உடைக்க அரை மணி நேரமாவது ஆகும், பதினோரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான். தையல்காரம்மாவைப் போலீசுக்குப் போன் போடச் சொன்னேன். “உள்ள இருக்கறதே போலீஸ்னு சொல்றாங்களே” என்றாள். “போடும்மா தாயே” என்று கும்பிட்டேன்.

மாடிப்படி வளைவில் மீட்டர் பெட்டி இருந்தது. அதற்கொரு பூட்டு. அதையெல்லாம் பூட்டு என்று சொல்வதே பாவம், ஒரு கம்பியில் திறந்துவிட்டேன். தங்கை வீட்டு இணைப்பை மொத்தமாக அணைத்தேன். செல்போனுக்குத் தனியாக நெட் போட மாட்டாள், வீட்டு வைஃபை இருக்கும்போது அது எதற்கு தண்டம் என்பாள். அவளுடைய சிக்கனம் அன்றைக்கு என் பக்கம் நின்றது.

ஃபேன் நின்றது. அந்தக் குரலும் நின்றது. அடுத்த நொடி உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. என் வாழ்நாளில் அவள் அப்படிக் கத்திக் கேட்டதில்லை.

“சார், நான் கட் பண்ணலைங்க. கரண்ட் போயிடுச்சுங்க. சத்தியமா நான் கட் பண்ணலைங்க. சார், கேக்குதுங்களா?”

தொடர்பு அறுந்த போனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டேன். திட்ட வாய் வரவில்லை.

“கேளுடி. அந்தாளு போலீஸ் இல்ல.”

“நீ போயிடுக்கா. உன் பேரும் அதுல இருக்கு.”

“இருக்கட்டும். என்னைப் பிடிச்சா பிடிச்சுட்டுப் போகட்டும். ரெண்டு பேரும் ஒரே ஜெயில்ல இருப்போம். சின்ன வயசுல ஒரே பாயிலதானே படுத்தோம். என்னை வெளியில நிக்க வெச்சுட்டு நீ மட்டும் தனியாப் போகப் போறியா?”

அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. நெட் போனதும் சாதாரண அழைப்பில் வந்துவிட்டான். முழுதாக அடித்து நின்றது. மறுபடி அடித்தது. இரண்டாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல் தாழ் விலகும் சத்தம் கேட்டது. பிறகு கீழ்த் தாழ்.

கதவைத் திறந்தாள். நாள் கணக்கில் மாற்றாமல் கசங்கிப்போன புடவை. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. ஜன்னலெல்லாம் சாத்தி, அறை புழுங்கிப்போய் நாற்றமடித்தது. அடிக்கிற போனை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினாள். பிரசாதத்தை வாங்கிக்கொள் என்பதுபோல் அவ்வளவு கவனமாக நீட்டினாள்.

வாங்கி எடுத்தேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. அவன் முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டான்.

“சாவிக் கடை அம்மாதானே? உங்களைப் பத்தி நிறையச் சொன்னாங்க” என்றான். நல்ல குரல். எங்கோ குழந்தைக்குக் கதை சொல்கிற குரல். “கோபப்படாதீங்க. நீங்க கோபப்பட்டா யோசிக்க மாட்டீங்கன்னும் சொன்னாங்க.”

“யாருடா நீ?”

“உங்க வீட்ல கோபம் வந்தா வாங்க போங்கன்னு பேசுவீங்களாமே. அக்கா இந்தப் பக்கம் வராம இருக்கணும்னா என்ன பண்ணலாம்னு கேட்டேன். அவங்கதான் பாவம் சொன்னாங்க. திங்கக்கிழமை உங்ககிட்ட எப்படிப் பேசணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நல்லாப் பேசினாங்க இல்ல?”

தங்கை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். அவன் பேசுவது எனக்கு மட்டும்தான் கேட்டது. வைத்துவிட்டிருக்க வேண்டும். தங்கைக்கு நான் எழுதி ஒட்டிய கடைசி வரியே போனை வை என்பதுதான். என்னால் வைக்க முடியவில்லை.

“ஆனா நேத்து சாயந்தரம் அவங்களே உங்களுக்குப் போன் பண்ணாங்க, ஞாபகம் இருக்குங்களா? ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு வெச்சிடறேன், ஒரு நிமிஷம் குடுங்கன்னு என்கிட்ட கேட்டாங்க. பொய்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லத்தான் பண்ணாங்க. அக்கா இன்னும் கோபத்துலதான் இருப்பாங்கன்னும் எனக்குத் தெரியும். சரி, பேசிப் பாருங்கன்னு விட்டேன். நான் கேட்டுட்டேதாங்க இருந்தேன்.”

தரையில் உட்கார்ந்திருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

“அதுவரைக்கும் அக்காவைக் கேக்கணும், அக்காவைக் கேக்கணும்னு ஒரு பைசா அனுப்பலைங்க. நீங்க வெச்ச அப்புறம்தான் பாதியை அனுப்பினாங்க. பாத்தீங்களா, இப்ப உங்களுக்கு எங்களை விட்டா யாரும் இல்லைன்னு சொன்னேன். தலையை ஆட்டினாங்க. ரொம்ப நன்றிங்க.”

அவனே வைத்தான்.

வங்கிக்காரப் பெண் பதினோரு மணிக்குக் கூப்பிட்டபோது நான்தான் பேசினேன். டெபாசிட் உடைக்கவில்லை. மீதிப் பாதி தப்பியது. போன பாதி போனதுதான். போலீஸ்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் படம் எடுத்தார். மதியம் எங்களை நிலையத்துக்கு வரச் சொன்னார். அங்கே தங்கை வாசலில் நின்று, “உள்ள போலாமா?” என்று என்னிடம் கேட்டாள். அதற்கும் அனுமதி வேண்டியிருந்தது அவளுக்கு.

புகாரை எழுதியவர் வயதானவர், அவசரப்படாதவர். ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணிக்கு வந்தது, என்ன சொன்னான், எந்தக் கணக்கு. தங்கை நூலகப் பதிவேட்டைப் படிக்கிறவள் போல எல்லாவற்றுக்கும் நேரத்தோடு பதில் சொன்னாள். பணம் அனுப்பியது செவ்வாய்க்கிழமை நாலே கால். என் மடியில் இருந்த போனில் அவள் அழைப்பு நாலு ஒன்பதுக்கு இருந்தது. பத்தொன்பது விநாடி.

“ரெண்டு நாளா நகராம உக்காந்திருந்தும் பணம் மட்டும் குடுக்க மாட்டேன்னு பிடிவாதமா இருந்திருக்கீங்க” என்றார் அவர். “அது பெரிய விஷயம். அப்புறம் திடீர்னு ஏன் அனுப்பினீங்க? அந்த நேரத்துல என்ன நடந்துச்சு?”

அவளுக்குத் தெரியாது, அவன் என்னிடம் சொல்லிவிட்டான் என்று. போனில் அவன் பேசியதையெல்லாம் வெறும் மிரட்டல் என்றுதான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மேசையில் இருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் நடக்கலைங்க,” என்றாள். “நானாத்தான் பயந்துட்டேன்.”

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் இடையில் புகுந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுத்துக்கு எழுத்து அது பொய் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இரண்டு நாள் அவனிடமிருந்து என்னைக் காப்பாற்றினாள், இப்போது என்னிடமிருந்தே என்னைக் காப்பாற்றுகிறாள், நான் அதையும் கை நீட்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே இன்னொரு கோடு இருந்தது.

“சாட்சி யாரு? அக்காதானே? நீங்கதானே கூட இருந்தது?”

“ஆமாங்க, அக்காதான்” என்றாள் தங்கை, நான் வாயைத் திறப்பதற்குள்.

பேனாவை வாங்கினேன். ஊன்றியதில் தாள் நழுவியது. அது நகராமல் இருக்க அவள்தான் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.